காங்கேசன்துறைக்குப் பின்னால் இருக்கும் வன்னி

காங்கேசன்துறை யாழ்ப்பாணத்தின் ஊர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வரைபடமும் அப்படித்தான் காட்டும். குடாநாட்டின் வடகரை, வடக்குப் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம், அதைத் தாண்டினால் கடல். ஆனால் கிளிநொச்சியில் வளர்ந்த எனக்கு அந்தத் துறைமுக நகரத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்ற எண்ணம் எப்போதும் உண்டு. அங்கே சீமெந்து சுட்ட சூளைக்குப் போன களிமண் வன்னிப் பெருநிலப்பரப்பின் மண். அது போன பாதையும் எங்கள் ஊர்களுக்கு நடுவால்தான் போனது. இப்போது காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் என்று மூன்று இடங்களில் முதலீட்டு வலயம் வரப்போகிறது என்று பேச்சு. 2025 வரவுசெலவுத் திட்டத்திலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறவர்களுக்கு இந்த நிலத்தின் பழைய கணக்குத் தெரியாது என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் களிமண்ணின் கதை.

சீமெந்துக்கு இரண்டு பொருள் முக்கியம்: சுண்ணாம்புக்கல், களிமண். இரண்டையும் அரைத்துக் கலந்து, சுழலும் சூளையில் ஏறக்குறைய 1,450 பாகை வெப்பத்தில் சுட்டால் கருஞ்சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாகக் கிளிங்கர் வரும். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சீமெந்து. காங்கேசன்துறையில் காலுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். களிமண்தான் இல்லை. அது மன்னார் மாவட்டத்து முருங்கனில், கட்டுக்கரைக்குளத்துப் பக்கத்தில் கிடைத்தது. அங்கே வெட்டிய மண் கோச்சியில் ஏறி மடு ரோட், செட்டிகுளம் கடந்து மதவாச்சிக்கு வரும். பிறகு வடக்கே திரும்பி வவுனியா, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம், யாழ்ப்பாணம், சுன்னாகம், தெல்லிப்பழை என்று முழு வடக்கையும் கடந்து காங்கேசன்துறையில் இறங்கும். மன்னாரில் இருந்து பூநகரிக்குள்ளால் நேரே ஒரு தண்டவாளம் போட்டிருந்தால் எவ்வளவு கிட்ட! அது நடக்கவில்லை. களிமண் சுற்றித்தான் போனது. அப்படிப் போனதால் வன்னியின் ஒவ்வொரு சின்னப் புகையிரத நிலையத்துக்கும் அந்தச் சூளையோடு ஒரு தொடர்பு இருந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா இருந்தார். தெல்லிப்பழைப் பக்கத்தவர், சீமெந்துப் பக்டரியில் வேலை செய்தவர். 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து எழும்பி, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வன்னிக்கு வந்து இங்கேயே இருந்துவிட்டார். வேலையைப் பற்றிக் கேட்டால் போதும், மற்ற எல்லாத்தையும் விட்டுவிடுவார். "தம்பி, சூளை ஒருக்கா மூட்டினா நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினா உள்ளுக்க இருக்கிற கல் வெடிச்சிடும். இரவு பகல் எண்டு ஒண்டும் இல்லை. ஊர் முழுக்க ஷிப்ட் நேரத்துக்குத்தான் சாப்பிட்டது, ஷிப்ட் நேரத்துக்குத்தான் படுத்தது" என்பார். ஆலை என்றால் என்ன என்று நான் விளங்கிக்கொண்டது அவரிடம்தான். அது ஒரு கட்டடத்தோடு முடிகிற விசயமில்லை, ஒரு ஊரே அதன் நேரத்துக்கு நடக்கிறது என்று.

ஆலை வருவதற்கு முன்பும் அது வெறும் கரையோரக் கிராமம் இல்லை. கலங்கரை விளக்கம் 1893இல் எழுந்தது. வடக்குப் புகையிரதப் பாதை 1905இல் முழுமையாகி அங்கேதான் முடிந்தது. பக்கத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில், கீரிமலைக் கேணி. தென்னிந்தியக் கரைக்குத் தோணிகளும் வத்தைகளும் போய்வந்த கடல் அது. 1950இல் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சர். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி என்ற மூன்று பெயர்களையும் எங்கள் மூத்தவர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள், அவரை நினைத்துத்தான். அவருடைய அரசியல் முடிவுகளில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. மலையகத் தமிழரின் குடியுரிமை விசயத்தில் அவர் அரசாங்கத்தோடு நின்றதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் வடக்குக் கிழக்கில் பெரிய தொழில் என்று ஒன்று இருந்த காலத்தைப் பற்றிப் பேசும்போது அவரை விட்டுவிட்டுப் பேசவும் முடியாது.

1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறையில் இருந்து கொழும்புக் கோட்டைக்கு நானூறு கிலோமீற்றருக்கு மேல். சீமெந்து அதே பாதையில் தெற்கே போனது. காலியில் அமைத்த அரைக்கும் ஆலைக்குக் கிளிங்கரைக் கப்பலில் அனுப்பினார்கள். வடக்கின் கல்லும் வன்னியின் மண்ணும் தீவின் தென்கோடியில் மாவாகி, அங்குள்ள வீடுகளுக்குச் சுவராகின. 1980களின் தொடக்கத்தில் லங்கா சீமெந்து என்ற இரண்டாவது ஆலையும் அங்கேயே வந்தது. தொகுதிக்கு அரசியல் எடையும் இருந்தது. தந்தை செல்வா பதவியைத் துறந்து, தமிழர் மனநிலையை அறிய மறுபடி மக்களிடம் போய், 1975 பெப்ரவரி இடைத்தேர்தலில் வென்றது இதே காங்கேசன்துறைத் தொகுதியில்தான். தொழிலாளி, மீனவர், கமக்காரர், கோவிலார் எல்லாரும் கலந்த தொகுதி அது.

இனிப் பரந்தனுக்கு வருவோம். எனக்கு மிகவும் நெருக்கமான இடம் இது.

ஆனையிறவு உப்பளம் 1930களின் கடைசியில் தொடங்கியது. வன்னியும் குடாநாடும் ஒட்டுகிற அந்த ஒடுங்கிய நிலத்தின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத களப்பு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மழை இல்லை, வெயில் உச்சியில், காற்று ஓயாது. உப்புக்கு இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? களப்புத் தண்ணியைப் பாத்தியில் விட்டு, ஒரு பாத்தியில் இருந்து அடுத்ததுக்கு மாற்றி மாற்றி, கடைசிப் பாத்தியில் வெள்ளையாகப் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். மாரி முந்திவிட்டால் எல்லாம் கரைந்து போகும். இன்னொரு தொடர்பும் இருக்கிறது. இரணைமடு வான் பாய்ந்தால் கனகராயன் ஆற்று வெள்ளம் இந்தக் களப்புக்குத்தான் வந்து விழும். கமக்காரன் நிறைகுளம் கண்டு மகிழ்கிற வருடத்தில் உப்புக்காரன் களப்பின் உவர் குறைந்துவிட்டதே என்று பார்ப்பான். இரண்டு பேரும் ஒரே ஊரவர்கள், சிலவேளை ஒரே வீட்டவர்கள்.

அந்த உப்பை நம்பித்தான் 1950களின் நடுப்பகுதியில் பரந்தன் இரசாயனக் கூட்டுத்தாபனம் உருவானது. உப்புக் கரைசலுக்குள் மின்சாரம் பாய்ச்சினால் மூன்று பொருள் பிரியும்: கோஸ்ரிக் சோடா, குளோரின், ஐதரசன். ஒரு தொன் குளோரின் எடுக்க ஏறக்குறைய 1.7 தொன் உப்பு வேண்டும். கூடவே ஏறக்குறைய 1.1 தொன் கோஸ்ரிக் சோடாவும் வந்தே தீரும். ஒன்றை மட்டும் செய்ய முடியாது. மின்சாரமும் சும்மா இல்லை, ஒரு தொன் குளோரினுக்கு 2,000 யூனிற்றுக்கு மேல் இழுக்கும். கோஸ்ரிக் சோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் போகும். குளோரின் குடிதண்ணியைச் சுத்தம் செய்யப் போகும். உப்பளம் சில கிலோமீற்றர் வடக்கே, புகையிரத நிலையம் வாசலில், முல்லைத்தீவுக்குப் போகும் வீதி கண்டி வீதியில் ஏறுகிற சந்தி பக்கத்தில். அங்கே வேலை செய்த என் பெரியப்பா ஒருவர் இதை ஒரே வசனத்தில் சொல்லிவிடுவார்: "உப்பு இஞ்ச, கோச்சி இஞ்ச, றோட்டு இஞ்ச. வேற என்ன வேணும்?"

கிளிநொச்சியே 1930களில் குடியேற்றத் திட்டத்தில் பிறந்த ஊர். இரணைமடுவின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல். அந்த வயலுக்குத் தீவுப்பகுதியில் இருந்தும் குடாநாட்டில் இருந்தும் காணி இல்லாதவர்கள் வந்தார்கள். பின்னால் மலையகத்தில் கலவரங்களுக்குத் தப்பி வந்த மக்களும் வந்து சேர்ந்தார்கள். நெல் விளைந்தால் வருமானம், இல்லாவிட்டால் இல்லை என்று இருந்த ஊரில், மாதம் முடிந்ததும் சம்பளம் வருகிற வேலை என்ற ஒன்றைப் பரந்தன்தான் காட்டியது. பெரியப்பா வயல் வைத்திருந்தார், பக்டரியிலும் வேலை செய்தார். வெள்ளம் வந்து பயிர் அழிந்த வருடத்திலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. இதைச் சின்ன விசயமாக நினைக்காதீர்கள். கமம் செய்கிற குடும்பத்துக்கு அடுத்த போகம்வரை பயமில்லாமல் இருக்க முடிவது பெரிய விடுதலை.

போரைப் பற்றி நான் இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. 1980களின் நடுவில் பரந்தன் ஆலை நின்றது. 1990இல் காங்கேசன்துறைச் சூளையும் அணைந்தது. அதே வருடம் யாழ்தேவி நின்றது, உப்பளமும் நின்றது. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமானது. ஆனையிறவில் 1991இல் ஒரு பெரும் சமர், 2000 ஏப்ரலில் இன்னொன்று. 2009 சனவரி முதல் பத்து நாட்களுக்குள் பரந்தன், கிளிநொச்சி, ஆனையிறவு மூன்றும் அடுத்தடுத்துப் படையினரிடம் போயின. அதற்குப் பிறகு முள்ளிவாய்க்கால்வரை நடந்ததை இந்தப் பதிவின் ஒரு பந்திக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் வரக்கூடாத பொருட்களில் சீமெந்தும் ஒன்று. சீமெந்து சுட்டுத் தீவு முழுவதற்கும் அனுப்பிய வடக்கில், வெடித்த கிணற்றுக் கட்டைப் பூச ஒரு மூட்டை கிடைக்காது. கோஸ்ரிக் சோடா காய்ச்சிய ஊருக்குப் பக்கத்தில் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயும் திரியும் வைத்த விளக்கில் படித்தோம். பெரியப்பா அந்த நாட்களில் பக்டரியைப் பற்றிப் பேசவே மாட்டார். பிறகு ஒருநாள் தானாகவே சொன்னார்: "செய்யத் தெரிஞ்ச சனம், ஆனா செய்ய ஏலாமல் இருந்தம்."

சமாதான காலத்தில், 2002 ஏப்ரலில், கண்டி வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் மறுபடி மூடியது. அப்போது குடாநாட்டுச் சனத்துக்கு வெளியே போகத் தரைவழி இல்லை. பெரும்பாலானவர்களுக்குத் திருகோணமலைக்குக் கப்பல்தான் வழி. போக அனுமதி எடுத்து, துறையில் நாள்கணக்கில் காத்துக் கிடந்து, ஒரு நாளுக்கு மேல் கடலில் போனவர்களின் கதை வடக்கில் பல வீடுகளில் இருக்கிறது. வணிகத்துக்கென்று கட்டிய காங்கேசன்துறைத் துறைமுகம் கடற்படைத் தளமாகவும், ஒரு மக்கள் கூட்டத்தின் வாசலாகவும் இருந்த காலம் அது.

போர் முடிந்த பின் பாதை மெல்ல மெல்ல மேலே ஏறியது. ஓமந்தையில் இருந்து கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரில் றெயில் வந்தது. அடுத்த மார்ச்சில் பளைக்கு, ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு, 2015 சனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறைக்கு. இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் போட்ட பாதை. கிளிநொச்சி நிலையத்துக்கு முதல் றெயில் வந்த நாளில் சனம் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் நின்றது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, இருபது வயதைத் தாண்டிய எத்தனையோ பேருக்கும் அதுதான் தங்கள் ஊரில் பார்த்த முதல் றெயில். நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் வந்தது, சில நாட்களில் நின்றது, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. துறைமுகத்தைத் திருத்த இந்தியா நன்கொடை கொடுக்கும் என்று 2024 டிசெம்பரில் இரண்டு நாட்டின் கூட்டறிக்கையும் சொன்னது.

இவையெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் இன்று வடக்குப் பாதையில் போகிறவர் பார்ப்பது பயணிகள் றெயில். முருங்கன் களிமண் ஏறிய பெட்டிகள் இல்லை, உப்பு ஏறிய பெட்டிகள் இல்லை. துறைமுகம் என்பது அலைதாங்கியும் இறங்குதுறையும் மட்டுமா? கப்பலில் ஏற்றுவதற்கு உள்நாட்டில் ஏதாவது விளைய வேண்டும், அதைக் கொண்டுவரப் பாதை வேண்டும். காங்கேசன்துறைக்கு அந்த உள்நாடு வன்னி. சுற்றுலாப் பயணியும் சூட்கேசும் மட்டும் இறங்குகிற துறைக்கு ஊரில் சில ஓட்டோக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் வேலை கிடைக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஊரே ஷிப்ட் நேரத்துக்குச் சாப்பிட்ட காலத்தோடு அதை ஒப்பிட முடியாது.

சிலர் கேட்பார்கள், வன்னிக்கு முல்லைத்தீவு இருக்கிறதே, அது துறைமுகம் ஆகாதா என்று. ஒல்லாந்தர் காலத்தில் இருந்தே அங்கே கோட்டையும் துறையும் இருந்ததுதான். 1803இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் இருந்து பிடித்ததும் அந்தக் கோட்டையைத்தான். ஆனால் அந்தக் கரை திறந்த வங்கக் கடலைப் பார்த்துக் கிடக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளம் இறக்குவதே பெரும் பாடு. 2004 டிசெம்பர் 26 சுனாமி அந்தக் கரைக்கு என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். முல்லைத்தீவுக்கு வேண்டியது மீன்பிடிக்கு ஒதுங்க இடமும், ஐசும், நல்ல வீதியும். வட்டுவாகல் பாலத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் வைத்தார்கள். அந்தச் சனத்துக்கு அது எந்தப் பெரிய துறைமுகத்தையும்விடப் பெரிய விசயம்.

2025 மார்ச் கடைசியில் ஆனையிறவில் மேசை உப்பு செய்யும் ஆலை திறந்தது. பருவம் தப்பிய மழையால் உப்பு விளையாமல் நாடு இறக்குமதி செய்துகொண்டிருந்த காலம் அது, அதனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 'ரஜ லுணு' என்று சிங்களத்தில் பெயர் வைத்ததற்கு எதிர்ப்பு எழுந்தது, ஆனையிறவு உப்பு என்ற பெயரிலேயே வர வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். ஆனால் சில கிழமைகளில் தொழிலாளர்கள் வாசலில் இறங்கிப் போராட வேண்டி வந்ததற்குப் பெயருக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை. உச்சி வெயிலில், உவர் தண்ணியில் காலை வைத்து, உப்பு வாரும் வேலை அது. காலில் வெடிப்பு வந்தால் ஆறவிடாது. அந்த வேலைக்கு என்ன சம்பளம், என்ன பாதணி, நிழலுக்கு எங்கே இடம், குடிக்க எங்கே தண்ணி என்பதை முதலில் பேசியிருக்க வேண்டும்.

பரந்தன் இரசாயன நிறுவனம் இப்போதும் பெயரளவில் இருக்கிறது. பரந்தனில் எதையும் செய்யவில்லை. குளோரினை வெளிநாட்டில் இருந்து வாங்கி நாட்டின் குடிநீர்த் திட்டங்களுக்குக் கொடுக்கிறது. ஆனையிறவில் உப்பு மறுபடி விளைகிறது, அந்த உப்பில் இருந்து எடுக்கக்கூடிய குளோரின் கப்பலில் வருகிறது. இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை, கணக்குப் பார்க்க வேண்டும். மின்சாரம் இன்று என்ன விலை? புலோப்பளையில் காற்றாலைகள் சுழல்கின்றன, பூநகரிக் கரையில் காற்று உண்டு. மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அந்தக் காற்றின் ஒரு பகுதியையாவது பரந்தன் ஆலைக்கென்று ஒதுக்க முடியுமா? கேட்க வேண்டிய கேள்வி அது. கூடவே இன்னொன்று: பழைய ஆலை நின்ற நிலத்தை முதலில் சோதிக்க வேண்டும். உலகின் பல பழைய குளோரின் ஆலைகள் பாதரசம் பயன்படுத்தியவை, நின்று பல வருடங்களுக்குப் பிறகும் மண்ணில் அதன் மிச்சம் இருந்திருக்கிறது. போரில் விழுந்த குண்டுகளும் அதே மண்ணில்தான் விழுந்தன. சோதனை அறிக்கையைத் தமிழில், பரந்தன் சனம் வாசிக்கும்படி வெளியிட்ட பிறகு அத்திவாரம் வெட்டட்டும்.

காங்கேசன்துறையில் ஆலையின் மிச்சத்தைப் பார்க்கப் போனால் முதலில் கண்ணில் படுவது சூளையும் புகைபோக்கியும்தான். எனக்கு அவற்றைவிடக் கூடப் பேச வேண்டியிருப்பது கல் வெட்டிய குழிகளைப் பற்றி. ஒரு தொன் சீமெந்துக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக்கல் வேண்டும். நாற்பது வருடம் வெட்டியிருக்கிறார்கள். கீழே கீழே போய், நிலத்தடித் தண்ணி மட்டத்தைத் தொட்டு, இப்போது பெரும் பள்ளங்களாகத் தண்ணி நின்றபடி கிடக்கின்றன.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. குடிக்கிற தண்ணி பெரும்பாலும் இந்தச் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளுக்குள் இருக்கிற மழைத்தண்ணி. கடலில் இருந்து உள்ளே வருகிற உவர் தண்ணி பாரம் கூடியது, அதன்மேல் நல்ல தண்ணி, பாலின்மேல் ஆடை போல, மெல்லிய படலமாகக் கிடக்கிறது. கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணி ஊறி வருவதன் காரணமும் இந்தக் கல்லுக்குள் ஓடுகிற நீரோட்டம்தான். மேலே இருக்கிற கல்லை எடுத்து, படலத்தைத் திறந்து வெயிலுக்குக் காட்டினால் ஆவியாகும். கூட இறைத்தால் கீழே இருக்கிற உவர் மேலே வரும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு திரும்ப நல்லதாக எத்தனை மாரி வேண்டும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

எங்கள் ஒழுங்கை ஐயாவிடம் இதைக் கேட்டேன். ஆலையைப் பற்றி அவ்வளவு பாசத்தோடு பேசுகிறவர், கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு, "சம்பளம் எங்களுக்கு வந்தது தம்பி. குழி ஊருக்கு வந்தது. ரெண்டையும் சேத்துத்தான் சொல்ல வேணும்" என்றார்.

இந்தக் கேள்வி இப்போது குடாநாட்டோடு நிற்கவில்லை. வன்னிக்குள் வந்துவிட்டது. கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையில், பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவில், வேரவிலுக்குப் பக்கத்தில் பொன்னாவெளி என்று ஒரு ஊர் இருக்கிறது. கிராஞ்சி, வலைப்பாடு எல்லாம் அந்த வரிசைதான். குடாநாட்டைப் போலவே அங்கும் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். திருகோணமலையில் ஆலை வைத்திருக்கும் ரோக்கியோ சீமெந்து நிறுவனத்துக்காக அந்தக் கல்லை ஆய்வு செய்ய முயன்றபோது, 2023இலும் 2024இலும் மக்கள் மாதக்கணக்கில் கொட்டில் போட்டுத் தொடர் போராட்டம் நடத்தினார்கள். 2024 ஏப்ரலில் அப்போதைய கடற்றொழில் அமைச்சர் டக்ளஸ் தேவானந்தா அங்கே போனபோதும் ஊரவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். அவர்கள் சொன்னது மிகவும் எளிமையானது: எங்களுக்கு இருப்பதே கொஞ்ச நல்ல தண்ணி, கல்லைக் கிண்டினால் அதுவும் உவராகும், பிறகு நாங்கள் எங்கே போவது?

அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று அவர்களைச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு அதில் கோபம்தான் வருகிறது. பூநகரிச் சனம் சங்குப்பிட்டிப் பாலத்துக்கு எதிராக நின்றார்களா? 2011 சனவரியில் அது திறந்தபோது கொண்டாடியவர்கள் அவர்கள்தான். அந்தப் பாலத்தால் பூநகரியில் இருந்து யாழ்ப்பாணம் போகிற நேரம் எவ்வளவோ குறைந்தது. அவர்கள் எதிர்ப்பது குழியை. காங்கேசன்துறைக்குப் போய்வர முடிகிற எவருக்கும் அந்தக் குழி எப்படி இருக்கும் என்று காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. வெட்டியவர்கள் போய்விட்டார்கள், குழிகள் அப்படியே கிடக்கின்றன, சுற்றியிருந்த காணிகளில் ஒரு பகுதிக்கு உரிமையாளர்கள் இன்னும் போக முடியாமல் இருக்கிறார்கள்.

நான் ஆலைகள் வேண்டாம் என்கிறவன் இல்லை. வன்னியில் படித்த பிள்ளைகள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று பார்க்கிறேன். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. போரில் வீட்டில் உழைக்கிற ஆளை இழந்த எத்தனையோ பெண்களின் அடுப்பு அவற்றால் எரிகிறது. ஆனால் ஒரு மாவட்டம் முழுவதும் தையல் மெசினையும் வெளிநாட்டு விசாவையும் மட்டும் நம்பி இருக்கக் கூடாது. உப்பில் இருந்து பொருள் செய்யத் தெரிந்த ஊர் இது. நெல்லும் மீனும் இருக்கிறது. பளையில் தென்னை இருக்கிறது. காங்கேசன்துறைத் துறைமுகம் உண்மையாகவே திருந்தினால், நாகபட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் சரக்குப் போகிற அளவுக்கு ஆழமானால், அதில் ஏற்றுவதற்குப் பரந்தனிலும் மாங்குளத்திலும் செய்ய எவ்வளவோ உண்டு. வலயம் என்று வேலி போட்டுக் காணி எடுக்கும்போது யாருடைய காணி, எத்தனை ஏக்கர், உள்ளூரவருக்கு எந்தப் பயிற்சி, என்ன பதவி என்று எழுத்தில் வர வேண்டும். காவலாளி வேலையும் கூட்டித் துடைக்கிற வேலையும் மட்டும் எங்களுக்கு என்றால் ஏற்க முடியாது. பெரியப்பா காலத்தில் ஒப்பறேற்றர் வேலை, ஆய்வுகூட வேலை, மெக்கானிக் வேலை எல்லாம் இந்த மண்ணவர் செய்தவை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில். பரந்தனில் இருந்து பார்த்தால் சில கிலோமீற்றர், பொன்னாவெளிக்கும் அரைநாள் பயணம்கூட இல்லை. அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுக்கலாம். காங்கேசன்துறைக் குழிகளைச் சுற்றியுள்ள கிணறுகளையும், பொன்னாவெளி, வேரவில், கிராஞ்சிக் கிணறுகளையும் ஒரே பட்டியலில் எழுதி, சோளகம் ஓய்கிற நேரத்தில் ஒருமுறை, மாரி முடிந்த கையோடு ஒருமுறை, ஒவ்வொரு வருடமும் உவரளவும் தண்ணி மட்டமும் அளந்து, பிரதேச செயலகச் சுவரில் தமிழில் ஒட்டலாம். பெரிய காசு தேவையில்லை. அந்தக் கணக்குச் சில வருடங்கள் சேர்ந்த பிறகு, பொன்னாவெளியில் கல் எடுக்கலாமா என்று அந்த ஊரவர்களோடு இருந்து பேசலாம்.